எண்ணாமலே எண்ணலாம்!

வங்கியின் இணையதளத்தில் பாஸ்வேர்டை டைப் செய்கிறீர்கள். அந்தத் தளம் ஆர்.எஸ்.ஏ. சாவியைப் பயன்படுத்தினால், அதன் பாதுகாப்பு ஒரு விஷயத்தை நம்பியிருக்கிறது. இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்குவது சுலபம். விடையைத் திரும்பப் பிரிப்பது கஷ்டம். எவ்வளவு கஷ்டம்? அதைச் சொல்வது ஸ்மூத் எண்கள்.

சிறிய பகா எண்களால் மட்டுமே ஆனது ஸ்மூத் எண். 84 = 2×2×3×7. எனவே இது 7-ஸ்மூத். 86 = 2×43. இது இல்லை. சாவியை உடைக்கும் புரோகிராம்கள் கோடிக்கணக்கான எண்களைச் சலித்து, ஸ்மூத் எண்களைத்தான் பொறுக்குகின்றன. 2020-ல் 829 பிட் கொண்ட ஆர்.எஸ்.ஏ.-250 எண் இப்படித்தான் பிரிக்கப்பட்டது. ஸ்மூத் எண்கள் எவ்வளவு அடிக்கடி கிடைக்கும் என்று தெரிந்தால்தான், சாவி எத்தனை பிட் இருக்க வேண்டும் என்று கணிக்க முடியும்.

ஆனால் 1-க்குப் பின் 100 சைபர் உள்ள எண் வரை ஒவ்வொன்றாக எண்ண எந்தக் கம்ப்யூட்டராலும் முடியாது. இதற்கு டேனியல் பெர்ன்ஸ்டைன் 1998-ல் ஒரு வழி சொன்னார். சரியான விடை வேண்டாம். அது எந்த இரண்டு எண்களுக்கு நடுவில் இருக்கிறது என்று உறுதியாகச் சொன்னால் போதும்.

100 வரை உள்ள 7-ஸ்மூத் எண்களை எடுத்துக்கொள்வோம். லாகரிதம் எடுத்தால் பெருக்கல் கூட்டலாக மாறிவிடும். 2-ஐ அடிமானமாக வைத்து லாக் எடுத்து, 10-ஆல் பெருக்குங்கள். 2, 3, 5, 7 ஆகியவை 10, 15.8, 23.2, 28.1 ஆகும். 100 என்பது 66.4.

இவற்றை 10, 16, 24, 29 என்று மேல்நோக்கி முழு எண்ணாக்குங்கள். இப்போது இது சில்லறைக் கணக்கு! இந்த நாணயங்களை வைத்து 66-ஐத் தாண்டாமல் எத்தனை விதமாகச் சேர்க்கலாம்? 44 விதம். நாணயங்களின் மதிப்பைக் கூட்டிவிட்டதால் சில எண்கள் விடுபடலாம். தவறாக எதுவும் நுழையாது. எனவே இது கீழ் வரம்பு. 10, 15, 23, 28 என்று குறைத்தால் 48 விதம். இது மேல் வரம்பு. சரியான விடை 46.

10-க்குப் பதில் 1000-ஆல் பெருக்கினால் இடைவெளி இன்னும் சுருங்கும். 100 சைபர் எண்ணுக்குக்கூட சுமார் 3.3 லட்சம் கட்டங்கள் கொண்ட ஓர் அரே போதும். ஒவ்வொரு பகா எண்ணுக்கும் அதை ஒருமுறை கடந்தால் சரி. வீட்டுக் கம்ப்யூட்டரே செய்துவிடும்.

நீங்களும் 1000 வரை புரோகிராம் எழுதிப் பாருங்கள். சரியான விடை 141. அது உங்கள் இரண்டு வரம்புகளுக்கு நடுவில் வராவிட்டால், புரோகிராமில் எங்கோ பிழை இருக்கிறது!