நுரையீரலில் பூஞ்சை: கருஞ்சீரகமும் ஆடாதோடையும் எதுவரை உதவும்?

காசநோய்க்கு ஆறு மாதம் ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டு முடித்தவர், இரண்டு மூன்று வருடம் கழித்து மறுபடியும் இருமத் தொடங்குகிறார். உடம்பு இளைக்கிறது. ஒரு நாள் சளியோடு இரத்தம் வருகிறது. சளியைப் பரிசோதித்தால் டிபி கிருமி இல்லை. "அதுதான் டிபி இல்லையே, வெறும் சளி" என்று வீட்டில் முடிவு செய்து, அறந்தாங்கி கடைத்தெருவில் ஆடாதோடைப் பொடியும் திப்பிலியும் வாங்கிக் காய்ச்சிக் கொடுக்கிறார்கள். வாட்ஸ்அப்பில் வந்த குரல் பதிவைக் கேட்டு, கருஞ்சீரகத்தைத் தேனில் குழைத்தும் கொடுக்கிறார்கள்.

இப்படிப்பட்டவர்களில் ஒரு பகுதியினருக்கு வந்திருப்பது சளியும் அல்ல, காசநோயும் அல்ல. நுரையீரலில் வளரும் ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சை.

உலகக் காசநோயாளிகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் இந்தியாவில் இருக்கிறார். எனவே இது நமக்குத் தூரத்து நோய் அல்ல. காசநோய் ஆறும்போது சிலருக்கு நுரையீரலில் குழி விழுந்துவிடும். ஆஸ்பெர்ஜில்லஸின் வித்துகள் ஈர வைக்கோல், மக்கிய இலை, பழைய தானியம், சுவர்ப் பூசணம் என்று எங்கும் இருக்கின்றன. நாம் எல்லோரும் தினமும் அவற்றைச் சுவாசிக்கிறோம். நல்ல நுரையீரல் அவற்றை வெளியேற்றிவிடும். குழி உள்ளவருக்கு அவை அங்கேயே தங்கி வளர்ந்து, பந்து போல் உருண்டுவிடுவதும் உண்டு. மூன்று மாதத்துக்கு மேல் இருமல், எடை குறைதல், அசதி, சளியில் இரத்தம் ஆகியவை அதன் அடையாளங்கள். காசநோய்க்கும் இதே அடையாளங்கள்தாம் என்பதால், பரிசோதனை செய்யாமலே இரண்டாம் முறை டிபி மாத்திரை தொடங்கப்பட்டவர்களும் உண்டு. சி.டி. ஸ்கேனும், ஆஸ்பெர்ஜில்லஸ் ஐஜிஜி என்ற இரத்தப் பரிசோதனையும் பெரும்பாலும் உண்மையைக் காட்டிவிடும்.

இது மெதுவாக அரிக்கும் வகை. நாட்கணக்கில் ஆளைச் சாய்க்கும் வகையும் உண்டு. இரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுவோர், உறுப்பு மாற்றிக்கொண்டவர்கள், நீண்ட நாள் ஸ்டீராய்டு சாப்பிடுவோர் ஆகியோரை அது தாக்கும். மியூகார் என்ற கரும்பூஞ்சையை 2021-இல் நாடே பார்த்தது. அந்த மே மாதத்தில் தமிழக அரசு அதை அறிவிக்கை செய்ய வேண்டிய நோயாக அறிவித்தது. ஜூலைக்குள் நாடு முழுவதும் 45 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டு, 4,300-க்கும் மேற்பட்டோர் இறந்ததாக மத்திய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. பெரும்பாலும் மூக்கையும் கண்ணையும் தாக்கிய அந்தப் பூஞ்சை, சிலருக்கு நுரையீரலையும் தாக்கியது. படிகாரம், மஞ்சள், இந்துப்பு, கடுகெண்ணெய் கலந்தால் கரும்பூஞ்சை போய்விடும் என்ற செய்தி அப்போதும் பரவியது. அதை நம்பி ஒரு வாரம் கழித்தவருக்கு அந்த வாரம் திரும்பக் கிடைக்காது.

அப்படியானால் மூலிகைக்குச் சக்தியே இல்லையா? இருக்கிறது. பூண்டு, கிராம்பு, மஞ்சள், கருஞ்சீரகம் ஆகியவற்றின் சத்துகள் ஆய்வகத் தட்டில் பூஞ்சையின் வளர்ச்சியைத் தடுப்பது உண்மை. ஆனால் தட்டில் ஊற்றுவது வேறு, வாயில் போடுவது வேறு. மஞ்சளின் குர்குமின் குடலில் சரியாக உறிஞ்சப்படுவதில்லை. உறிஞ்சப்படும் கொஞ்சத்தையும் கல்லீரல் விரைவில் சிதைத்துவிடும். நுரையீரலுக்குப் போய்ச் சேர்வது மிகச் சொற்பம். இன்னொரு சிக்கல், பூஞ்சையின் செல் அமைப்பு பாக்டீரியாவைவிட மனித செல்லுக்கே நெருக்கமானது. பூஞ்சையைக் கொல்லும் அளவு வீரியமான பொருள் நம்மையும் தொடும். ஆம்போடெரிசின் ஊசி போடும்போது சிறுநீரகத்தை அடிக்கடி பரிசோதிப்பது அதனால்தான். பூஞ்சைப் பந்துக்குள் இரத்த ஓட்டமும் கிடையாது. மருந்துக் கம்பெனி மாத்திரையே அதற்குள் நுழையத் திணறுகிறது, சிலருக்கு அறுவை சிகிச்சைதான் வழி. கஷாயம் எப்படி நுழையும்?

"ஆங்கில மருந்தா, இயற்கை மருந்தா" என்ற சண்டையே இங்கு பொருந்தாது. ஆம்போடெரிசின், வெனிசுலா நாட்டு மண்ணில் கிடைத்த ஒரு நுண்ணுயிரிலிருந்து 1950-களில் எடுக்கப்பட்டது. நம் ஆடாதோடையின் வாசிசின் என்ற பொருளை வைத்துத்தான், இருமல் மருந்துகளில் உள்ள புரோம்ஹெக்சின் உருவானது. ஆடாதோடை சளியை இளக்கும், பூஞ்சையைக் கொல்லாது.

கருஞ்சீரகம் பற்றிய ஹதீஸைப் பலர் சுட்டிக்காட்டுவார்கள். மரணத்தைத் தவிர எல்லா நோய்க்கும் அதில் நிவாரணம் உண்டு என்ற கருத்தில் வரும் அந்த ஹதீஸ் புகாரியில் உள்ளது, ஸஹீஹானது. ஆனால் அதன் பொதுவான சொல்லை, அது பொருந்தும் நோய்களுக்கு என்றே கத்தாபீ போன்ற முற்கால அறிஞர்கள் விளக்கினார்கள். மருத்துவம் செய்துகொள்ளுமாறு கூறிய நபி (ஸல்) அவர்களே, நோயுற்ற ஸஅத் (ரலி) அவர்களை ஹாரிஸ் பின் கலதா என்ற மருத்துவரிடம் போகச் சொன்னதாக அபூதாவூதில் வருகிறது. மருத்துவம் அறியாமல் மருத்துவம் செய்பவர் அதற்குப் பொறுப்பாளி என்ற கருத்தும் அதே நூலில் உள்ளது. குரல் பதிவை முன்பின் பாராமல் அனுப்புவோர் இந்தக் கடைசி ஹதீஸையும் சேர்த்து அனுப்பலாம்!

கருஞ்சீரகத்தை உணவாகச் சாப்பிடுவதில் தடையில்லை. ஆபத்து வேறு மூன்று இடங்களில் இருக்கிறது. முதலாவது, சர்க்கரை நோயாளிக்குத் தினமும் தேனும் கருப்பட்டியும் கொடுப்பது. கட்டுப்பாடற்ற சர்க்கரைதான் மியூகாருக்கு விருந்து. இரண்டாவது, பெயரும் முகவரியும் இல்லாத பொட்டலப் பொடி. ஆஸ்துமா, மூட்டுவலிப் பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது பலமுறை பிடிபட்டிருக்கிறது. நாலு நாளில் மூச்சு இலேசாகும், பசி எடுக்கும், முகம் உப்பும். உள்ளே பூஞ்சை தழைக்கும். மூன்றாவது, மருத்துவரிடம் சொல்லாமல் சேர்த்துச் சாப்பிடுவது. பூஞ்சை மாத்திரைகளே கல்லீரலைச் சோதிப்பவை. சீந்தில் சாப்பிட்ட சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டதாக மும்பை மருத்துவர்கள் 2021-இல் எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது. அந்த விவாதம் எப்படி முடிந்தாலும், இரண்டையும் ஒன்றாக விழுங்குவதற்குமுன் மருத்துவரைக் கேட்பதில் நஷ்டமில்லை. சித்தா, யுனானி பார்ப்பதென்றாலும் பட்டம் பெற்ற மருத்துவரிடம் ஸ்கேனைக் காட்டிக் கேளுங்கள்.

நாள்பட்ட வகைக்குப் பொதுவாக இட்ராகொனசோல் தருகிறார்கள், குறைந்தது ஆறு மாதம். அதன் கேப்சூலைச் சாப்பாட்டோடு போட வேண்டும், அசிடிட்டி மாத்திரை அதை உறிஞ்சவிடாது. காசநோய்க்கான ரிஃபாம்பிசின் உடன் இருந்தால் இரத்தத்தில் அதன் அளவு வெகுவாகக் குறைந்துவிடும். கொழுப்புக்கான சில மாத்திரைகளோடும் அது சேராது. எனவே அத்தாவோ அம்மாவோ சாப்பிடும் எல்லா மருந்தையும், பொட்டலம் உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். பழைய எக்ஸ்ரேயும் டிபி அட்டையும் கூடவே இருக்கட்டும். அறந்தாங்கி அரசு மருத்துவமனையில் தொடங்கி, தேவைப்பட்டால் புதுக்கோட்டை அல்லது தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். செலவுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டப் பிரிவில் விசாரியுங்கள்.

இருமலில் இரத்தம் அதிகமாக வந்தால் கஷாயம் வைக்க நேரமில்லை. எந்தப் பக்க நுரையீரல் பழுது என்று தெரிந்திருந்தால், அந்தப் பக்கம் கீழே இருக்கும்படி ஒருக்களித்துப் படுக்க வைத்து, உடனே 108-ஐ அழையுங்கள். அப்போதுதான் இரத்தம் நல்ல நுரையீரலுக்குள் இறங்காது.