அப்பா எழுந்து போனதாலதான் இந்தியா தோத்துச்சா?

(இது எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம்.)

இன்னைக்கு ஒரு ஞாயித்துக்கிழமையில இருந்து ஆரம்பிக்கிறேன். 2023 நவம்பர் 19, அகமதாபாத், உலகக் கோப்பை ஃபைனல். மறக்க முயற்சி பண்ணிட்டு இருந்தவங்க மன்னிக்கணும்.

அதுக்கு முன்னாடி ஆடின 10 மேட்சையும் இந்தியா ஜெயிச்சிருந்துச்சு. அந்த 10 மேட்சையும் எங்க அப்பா ஒரே பிளாஸ்டிக் சேர்ல, சாமி ஷெல்ஃபுக்குப் பக்கத்துல, நெத்தி நிறைய திருநீறோட உட்கார்ந்துதான் பார்த்தார். அப்படித்தான் அவர் சொல்வார். ஃபைனல் அன்னைக்கு ரோஹித் 47 ரன்ல இருக்கும்போது ஒரு போன் வந்துச்சு. அப்பா எழுந்து போனார். திரும்பி வர்றதுக்குள்ள ரோஹித் தூக்கி அடிக்க, டிராவிஸ் ஹெட் பின்னாடி ஓடி, டைவ் அடிச்சுப் பிடிச்சுட்டார். அதே ஹெட் அப்புறம் 137 அடிச்சு கோப்பையையும் கொண்டு போயிட்டார்.

அன்னைக்கு ராத்திரி அப்பா சாப்பிடல. "நான் எந்திரிச்சிருக்கக் கூடாதுடா"ன்னு மட்டும் சொன்னார். நான் சிரிச்சேன். அவர் சிரிக்கல. ஏன்னு அப்புறம் சொல்றேன்.

ஒரே முருகன், ரெண்டு டீம்

கடவுள் மேட்ச்ல தலையிடுவாரா? முதல் சிக்கல் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்: ரெண்டு பக்கமும் வேண்டுறாங்க. 2011 ஃபைனல்ல இந்தியாவும் இலங்கையும் மோதுச்சு. இங்க ஒருத்தர் பழனி முருகன்கிட்டயும், அங்க ஒருத்தர் கதிர்காம முருகன்கிட்டயும் வேண்டியிருந்தா, அவர் பாவம் என்ன பண்ணுவார்? ரெண்டு இடத்துலயும் இருக்கிறது ஒரே முருகன்தானே!

ரெண்டாவது சிக்கல் கொஞ்சம் ஆழமானது. ஜெயிச்சா "சாமி அருள்" என்கிறோம். தோத்தா "சோதிக்கிறார்" என்கிறோம். எந்த முடிவு வந்தாலும் பொருந்துற விளக்கத்தை, அது சரியா தப்பான்னு சோதிச்சுப் பார்க்க வழியே இல்லை. இதை வச்சு "கடவுள் இல்லை"ன்னு நான் சொல்ல வரல. ஸ்கோர் போர்டைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாதுன்னுதான் சொல்றேன்.

அப்போ கேட்க வேண்டிய கேள்வி வேற. ஏன் குறிப்பா விளையாட்டுன்னா நமக்கு இவ்வளவு சாமி, சகுனம், ராசி எல்லாம் வருது?

நடுக்கடலும் பேட்டிங்கும்

மலினோவ்ஸ்கின்னு ஒரு மானுடவியலாளர். முதல் உலகப் போர் நடந்த வருஷங்கள்ல நியூ கினிக்குப் பக்கத்துல இருக்கிற ட்ரோப்ரியாண்ட் தீவுகள்ல தங்கி ஆய்வு பண்ணார். அங்க ரெண்டு விதமா மீன் பிடிச்சாங்க. கரையோரக் காயல்ல பிடிக்கிறது சுலபம். ஆபத்தில்லை, மீன் கிடைக்கிறதும் உறுதி. அதுக்கு மந்திரம் எதுவும் கிடையாது. ஆனா திறந்த கடலுக்குப் போகும்போது உயிரோட திரும்புவோமான்னே தெரியாது. அதுக்கு மட்டும் ஏகப்பட்ட மந்திரம், சடங்கு. ஆட்கள் அதேதான், கடல்தான் வேற.

இதை விளையாட்டுல பொருத்திப் பார்த்தவர் ஜார்ஜ் கிமெல்ச். அவரே பேஸ்பால் ஆடினவர், பிறகு மானுடவியலுக்கு வந்தார். 1971-ல எழுதின கட்டுரையில அவர் சொன்னது இதுதான்: பேஸ்பால்ல 10 தடவைல 3 தடவை நல்லா அடிச்சாலே அவர் பெரிய பேட்டர். ஃபீல்டர்களோ 100-க்கு 97 தடவைக்கு மேல சொதப்பாம முடிச்சிடுவாங்க. அதனால சடங்கெல்லாம் பேட்டிங்லயும் பந்து வீச்சுலயும்தான் குவிஞ்சு கிடக்கு. ஃபீல்டிங்ல கிட்டத்தட்ட இல்லவே இல்லை.

ஸ்டீவ் வாவோட சிவப்புக் கைக்குட்டை, நடால் வரிசையா அடுக்கின தண்ணி பாட்டில் எல்லாம் இந்தக் கணக்குல வரும். ஒரு பந்து தப்பினா அவுட்ங்கிற இடத்துல, நம்ம கையில இருக்கிற எதையாவது ஒழுங்கா வச்சுக்கணும்னு மனசு தேடுது.

இப்போ ரசிகனை யோசிங்க. ஆடுறவர் கையிலயாவது மட்டை இருக்கு. நம்ம கையில ரிமோட் மட்டும்தான். துடுப்பே இல்லாம நடுக்கடல்ல நிக்கிறவன்தான் ரசிகன். அவன் சேரைக் கெட்டியா பிடிச்சுக்கிறதுல ஆச்சரியம் என்ன?

இதுல ஒரு சுவாரசியம், அந்தத் தீவுக்காரங்களுக்கு மிஷனரிகள் கிரிக்கெட்டையும் கத்துக்கொடுத்தாங்க. அவங்க மட்டைக்கும் பந்துக்கும் மந்திரம் போட்டு ஆட ஆரம்பிச்சாங்க. வழக்கப்படி எப்பவும் உள்ளூர் டீம்தான் ஜெயிக்கும். பிரச்சினையே முடிஞ்சுது!

புறாவும் அப்பாவும்

1948-ல ஸ்கின்னர்ங்கிற உளவியலாளர் பசியா இருந்த புறாக்களைக் கூண்டுல விட்டார். அதுங்க என்ன செஞ்சாலும் செய்யாட்டியும், குறிப்பிட்ட இடைவெளியில தீனி வரும். கொஞ்ச நாள்ல ஒரு புறா சுத்திச் சுத்தி வந்துச்சு, இன்னொண்ணு கூண்டு மூலையில தலையை முட்டுச்சு. தீனி வந்த நேரத்துல தற்செயலா செஞ்சுட்டு இருந்ததையே அதுங்க திரும்பத் திரும்ப செஞ்சதுன்னு ஸ்கின்னர் விளக்கினார்.

இதைப் படிச்சிட்டு நான் அம்மாகிட்ட கேட்டேன்: நிஜமாவே அப்பா 10 மேட்சும் அந்த சேரை விட்டு எழுந்திரிக்கலையா? அம்மா யோசிக்கவே இல்லை. "செமி ஃபைனல்ல தண்ணி லாரி வந்தப்போ குடம் தூக்குனது யாராம்?"

அதாவது அவர் எழுந்தும் நாம ஜெயிச்சிருக்கோம். அது அவர் ஞாபகத்துல இல்லை. தோத்த அன்னைக்கு எழுந்தது மட்டும் அப்படியே நிக்குது.

சிரிக்க முடியாத இடம்

ரெண்டு நாள் கழிச்சுதான் எனக்கு உறைச்சது. "எந்திரிச்சிருக்கக் கூடாது"ங்கிற அந்தக் குரலை நான் ஏற்கெனவே கேட்டிருக்கேன். எங்க பாட்டி ஐசியுல இறந்துபோனப்போ அப்பா சொன்னது, "அன்னைக்குக் காலைல நான் கோயிலுக்குப் போகல." அதை அவர் பல வருஷமா சொல்லிட்டு இருக்கார்.

என் வேண்டுதலால ஜெயிச்சோம்னு நம்புறது இனிக்கும். ஆனா அதோட பில் பின்னாடி வரும். நான் வேண்டி ஜெயிச்சா, நான் தவறினதாலதான் தோத்தோம்னும் ஆகுது. மேட்ச்னா ஒரு ராத்திரி சாப்பாடு போகும், அவ்வளவுதான். அம்மான்னா?

அப்பாகிட்ட நான் சொன்னது இதுதான்: "உங்க சாமி அருள் தர்றவர்னு நீங்களே சொல்வீங்க. ஒரு நாள் வரலைன்னு கணக்குப் பார்த்து ஒரு உயிரை எடுக்கிறவரை நீங்க கும்பிடல இல்லையா?" அவர் பதில் எதுவும் சொல்லல. ரொம்ப நேரம் கழிச்சு, பாட்டி செய்ற மோர்க்குழம்பைப் பத்திப் பேச ஆரம்பிச்சார். கோயில் பேச்சு வராம பாட்டியைப் பத்தி அவர் பேசி ரொம்ப நாளாச்சு.

2024 ஜூன் 29, டி20 ஃபைனல். தென்னாப்பிரிக்காவுக்குக் கடைசி ஓவர்ல 16 ரன் வேணும். அப்பா திருநீறோட அதே சேர்ல. மில்லர் அடிச்சார், சூர்யகுமார் பவுண்டரிக்கு வெளியே போயிட்டு உள்ளே வந்து பிடிச்சார். 7 ரன்ல ஜெயிச்சோம். "பார்த்தியா, சேர்!"னார். நான் வாதாடல. ஜெயிக்கும்போது சேருக்கு எவ்வளவு பெருமை வேணா கொடுத்துக்கட்டும். தோக்கும்போது அவர் சாப்பிட்டா போதும்.

நீங்களும் கும்பிடுங்க, லக்கி ஜெர்சி போடுங்க. தோத்தா பழியை மட்டும் உங்க தலையில போட்டுக்காதீங்க.