புற்றுநோயும் அறநிதியும்

சிகிச்சைக்கு நான்கு கூறுகள் உண்டு என்று வகுத்தவர் திருவள்ளுவர். நோயுற்றவர், நோய் தீர்ப்பவர், மருந்து, அருகிருந்து பேணுபவர் ஆகியவையே அவை. நோயின் காரணத்தை ஆராய்ந்தறிய வேண்டும் என்பதும் அவர் கருத்து. புற்றுநோய்க்கெனத் திரட்டப்படும் அறநிதி இவை அனைத்தையும் தாங்க வேண்டும்.

தமிழகத்தில் இவ்வறத்துக்கு வித்திட்டவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. 1923இல் தம் சகோதரியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த அவர், இந்திய மாதர் சங்கத்தின் துணையுடன் பொதுமக்களிடம் நிதி திரட்டினார். 1952இல் ஜவாஹர்லால் நேரு அடிக்கல் நாட்ட, 1954இல் அடையாற்றில் 12 படுக்கைகளுடன் மருத்துவமனை தொடங்கிற்று. 1955இல் அங்குச் சேர்ந்து, 2021இல் மறையும் வரை தொண்டாற்றிய டாக்டர் வி. சாந்தா 2005இல் மகசேசே விருது பெற்றார். சிகிச்சையோடு ஆராய்ச்சியும் அங்கு வளர்ந்தது.

ஆராய்ச்சிக்கு ஏன் பொருள் ஈதல் வேண்டும்? வெற்றிலை பாக்கு மெல்லும் வழக்கத்தை எண்ணுக. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, 1985இல் புகையிலை கலந்த தாம்பூலத்தையே புற்றுநோய் விளைப்பதென உறுதி கூறியது. 2004இல், புகையிலை கலவாத தாம்பூலமும், பாக்குங்கூட அத்தகையனவே என்று வெளியிட்டது. இவ்வுண்மை பலரது நெடுநாள் ஆய்வின் பயன். இதனை அறிந்து அவ்வழக்கத்தைக் கைவிடுபவர், நோய் வருமுன்னரே தம்மைக் காத்துக்கொள்கின்றார். மலேசியாவிலும், கேன்சர் ரிசர்ச் மலேசியா என்னும் அமைப்பு நன்கொடைகளைக் கொண்டு வாய்ப்புற்றையும் மார்பகப் புற்றையும் ஆராய்ந்து வருகின்றது.

இனி, பேணுபவர் நிலையைக் காண்போம். பினாங்குத் தீவின் தஞ்சோங் பூங்காவில், கத்தோலிக்கக் கன்னியர் 1976இல் நிறுவிய மவுண்ட் மிரியம் மருத்துவமனை இலாப நோக்கின்றி இயங்குகின்றது. பெருநிலப் பகுதியிலுள்ள தாசேக் கெலுகோர்வாசி ஒருவருக்கு அங்கே கதிர்வீச்சுச் சிகிச்சை அமைந்தால், அவர் கடல் கடந்து செல்ல வேண்டும். அச்சிகிச்சையோ பெரும்பாலும் வாரத்தில் 5 நாள் வீதம் பல வாரங்கள் நடைபெறுவது. உடன் செல்லும் மனைவியோ மகனோ அன்றைய கூலியை இழப்பர். வழிச்செலவுக்கு வகையின்றி இடையில் நிறுத்தினால் சிகிச்சையின் பயன் குறையும்.

ஆதலின் நிதி திரட்டும் சங்கங்கள், மருந்துச் செலவோடு அமையாது, வழிச்செலவுக்கும் ஆராய்ச்சிக்கும் பங்கு ஒதுக்கிக் கணக்கையும் வெளியிடுதல் நன்று. மருந்து என்னும் அதிகாரத்தைப் பாடம் சொல்லும் ஆசிரியர்கள் இச்செய்திகளையும் மாணவர்க்கு எடுத்துரைப்பார்களாக.