ஒரே ஒரு டிக்கெட் கொடுங்க!

கொக்கிரகுளம் மாவட்ட அறிவியல் மையத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகாத அம்மாக்கள் திருநெல்வேலியில் குறைவு. ஆனால், அங்கே போய் அவர்கள் எதைப் பார்த்தார்கள்? தண்ணீர் பாட்டிலையும் பிள்ளை கழற்றிப்போட்ட செருப்பையும்தான்!

1987-ல் திறந்த மையம் இது. பிள்ளைகள் காலேஜுக்குப் போனபிறகு, ஒரு மதியம் தனியாகப் போய்ப் பாருங்களேன். கவுன்டரில் ஒற்றை டிக்கெட் கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும். 'இந்த வயசுல என்ன விளையாட்டு' என்று கேட்க ஆள் இருக்கிற ஊர்தானே! சிங்கப்பூர் யுனிவர்சல் ஸ்டூடியோஸில் சில ரைடுகளில், தனியாக வருபவர்களுக்கென்றே 'சிங்கிள் ரைடர்' வரிசை உண்டு. மிஞ்சுகிற ஒற்றை சீட்டில் அவர்களை உட்காரவைப்பார்கள். குடும்பத்தோடு வந்தவர்களைவிடப் பெரும்பாலும் சீக்கிரம் ஏறிவிடலாம்.

அறிவியல் பூங்காக்களில் வழக்கமாக ஒரு விளையாட்டு இருக்கும். பெரிய குழிவான தட்டின் முன் நின்று கிசுகிசுத்தால், ஒலி சிதறாமல் நேராகப் போய், தூரத்தில் எதிரே இருக்கும் தட்டின் முன் நிற்பவர் காதில் தெளிவாக விழும். இதற்கு மட்டும் இன்னோர் ஆள் வேண்டும். டூர் வந்த பள்ளிக்கூடப் பையன் யாரையாவது கூப்பிட்டால் ஓடிவருவான். "அத்தை, கேக்கா?" என்பான்.

வெளியே வந்தால், 1843-ல் கட்டிய சுலோச்சன முதலியார் பாலம் பக்கம்தான். கீழே தாமிரபரணி. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம். "பாத்ரூம் வருதும்மா" என்று யாரும் முந்தானையைப் பிடித்து இழுக்கப்போவதில்லை.