பழைய காருக்கு 'லாங் லைஃப்' கூலன்ட்: வாங்கும் முன் என்ன பார்க்க வேண்டும்?

உங்கள் வீட்டு காருக்கு வயது 12 ஆகிவிட்டதா, இல்லை 15-ஐத் தாண்டிவிட்டதா? சொந்த உபயோகக் காரின் பதிவு முதலில் 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன் பிறகு வண்டி தகுதியோடு இருந்தால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொள்ளலாம். ஆனால் பதிவைப் புதுப்பித்தால் மட்டும் போதாது, இன்ஜினும் அதுவரை தாங்க வேண்டும். ஒரே ஒருமுறை நன்றாகக் கொதித்துப்போனால் அலுமினிய சிலிண்டர் ஹெட் வளைந்துவிடலாம், ஹெட் கேஸ்கெட் போய்விடலாம். பழைய காரைப் பொறுத்தவரை அந்தச் செலவு சில நேரம் வண்டியின் விலையையே எட்டிவிடும். அதைத் தடுப்பது சில நூறு ரூபாய் கூலன்ட்தான்.

கடையில் போய் நின்றால் பச்சை, சிவப்பு, நீலம், மஞ்சள் என்று வரிசையாக கேன்கள். பாதிக்கு மேல் 'லாங் லைஃப்' என்று எழுதியிருக்கும். எதை எடுப்பது?

கூலன்ட்டில் என்ன இருக்கிறது?

பெரும்பாலான கூலன்ட்டில் நான்கு பொருள்கள் உண்டு: தண்ணீர், எத்திலீன் கிளைக்கால், துரு தடுக்கும் ரசாயனங்கள், நிறம். கிளைக்கால் உறைநிலையைக் குறைக்கும், கொதிநிலையை ஏற்றும். பாதிக்குப் பாதி கலவை சுமார் மைனஸ் 37 டிகிரி வரை உறையாது, திறந்த பாத்திரத்தில் சுமார் 107 டிகிரியில்தான் கொதிக்கும். ரேடியேட்டர் மூடி உள்ளே அழுத்தத்தைத் தக்கவைப்பதால் வண்டியில் கொதிநிலை இன்னும் உயரும்.

'நம்ம ஊரில்தான் எதுவும் உறையாதே, தண்ணீரே போதுமே' என்று நினைக்கலாம். நம் ஊருக்கு உறைவது கவலை இல்லை, துருவும் கொதிப்பும்தான் கவலை. வெறும் தண்ணீர் இரும்பு பிளாக்கைத் துருப்பிடிக்க வைக்கும், அலுமினியத்தை அரிக்கும். அந்தத் துருவே ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களை அடைக்கும். மே மாத வெயிலில் ஏ.சி. போட்டு டிராஃபிக்கில் நிற்கும்போது அதன் பலன் தெரியும்.

'லாங் லைஃப்' என்றால் என்ன?

வித்தியாசம் முழுக்க அந்தத் துரு தடுப்பு ரசாயனத்தில்தான் இருக்கிறது.

பழைய வகை ஐ.ஏ.டி. எனப்படும். சிலிக்கேட், பாஸ்பேட் போன்ற உப்புகள் உள்ளே உள்ள எல்லா உலோகத்தின் மேலும் வேகமாக ஒரு மெல்லிய படலத்தைப் போர்த்திவிடும். நல்ல பாதுகாப்புதான், ஆனால் சீக்கிரம் தீர்ந்துவிடும். பொதுவாக 2 ஆண்டுகளில் மாற்ற வேண்டும்.

அடுத்தது ஓ.ஏ.டி. இதில் இருப்பவை கரிம அமிலங்கள். எங்கே அரிப்பு தொடங்குகிறதோ அங்கே மட்டும் வேலை செய்வதால் மெதுவாகத்தான் செலவாகும். அதனால் 5 ஆண்டு, சிலவற்றில் அதற்கு மேலும் வரும். இதைத்தான் லாங் லைஃப் என்கிறார்கள்.

இரண்டையும் கலந்த ஹைப்ரிட் வகை மூன்றாவது. ஜப்பான், கொரிய நிறுவனங்கள் பொதுவாக சிலிக்கேட் இல்லாமல் பாஸ்பேட் சேர்த்ததைக் கேட்கின்றன. ஐரோப்பிய நிறுவனங்கள் பொதுவாக பாஸ்பேட் இல்லாததைக் கேட்கின்றன.

உங்கள் காரில் இருப்பது எந்த ரேடியேட்டர்?

பழைய கார்காரர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதுதான். இன்ஜின் ஆறியிருக்கும்போது பானெட்டைத் திறந்து ரேடியேட்டரின் இரண்டு பக்கமும் அல்லது மேலும் கீழும் உள்ள தொட்டியைப் பாருங்கள்.

கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி, நடுவே வெள்ளி நிறத் தகடுகள் இருந்தால் அது அலுமினிய ரேடியேட்டர். கடந்த 20 ஆண்டுகளில் வந்த பெரும்பாலான கார்களில் இதுதான். தயாரிப்பாளர் கேட்கும் தரத்தில் உள்ள லாங் லைஃப் கூலன்ட்டைத் தாராளமாகப் போடலாம்.

தொட்டியும் உலோகம், மூலைகளில் ஈயப்பற்று வைத்த தடம் தெரிகிறது என்றால் அது செம்பு-பித்தளை ரேடியேட்டர். அம்பாசடர், பிரீமியர் பத்மினி காலத்து வண்டிகளில் இது உண்டு. வெறும் ஓ.ஏ.டி. வகை ஈயப்பற்றை அவ்வளவாகக் காப்பாற்றாது. சில ஓ.ஏ.டி. கூலன்ட்டில் உள்ள அமிலம் பழைய கேஸ்கெட், சீல்களை மென்மையாக்கவும் கூடும். இந்த வண்டிகளுக்கு ஐ.ஏ.டி. வகையைப் போட்டு 2 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவதே நல்லது. இல்லையென்றால் செம்பு, பித்தளை, ஈயப்பற்றுக்கு ஏற்றது என்று லேபிளில் தெளிவாக எழுதியுள்ள ஹைப்ரிட் வகையைத் தேடுங்கள். விலை கூடினால் பாதுகாப்பும் கூடும் என்ற கணக்கு இங்கே செல்லாது.

நிறத்தை நம்ப வேண்டாம்

'ஏற்கெனவே பச்சைதான் இருந்தது, பச்சையே ஊத்துங்க' என்று சொல்லிவிடுகிறோம். நிறம் வெறும் சாயம். எந்த வகைக்கு எந்த நிறம் என்று எல்லா நிறுவனங்களும் ஏற்ற விதி எதுவும் இல்லை. பச்சையில் ஐ.ஏ.டி.யும் உண்டு, லாங் லைஃபும் உண்டு.

வகை மாறிக் கலந்தால் வண்டி உடனே நின்றுவிடாது. ஆனால் பாதுகாப்பு குறையும், 5 ஆண்டு வர வேண்டியது 2 ஆண்டுக்குள் தீரும். சில கலவைகள் கூழ் போலக் கெட்டியாகி ரேடியேட்டரை அடைத்தும்விடும். உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாவிட்டால், குறிப்பாக பழைய காரை வேறொருவரிடம் வாங்கியிருந்தால், முழுக்க வடித்துவிட்டுப் புதிதாக நிரப்புவதே பாதுகாப்பு.

எந்தத் தண்ணீர்?

கேனில் 'ரெடி டு யூஸ்' என்றிருந்தால் தண்ணீர் சேர்க்கவே கூடாது, அப்படியே ஊற்றலாம். 'கான்சென்ட்ரேட்' என்றிருந்தால் லேபிளில் உள்ள விகிதத்தில் கலக்க வேண்டும். கலக்காமல் அப்படியே ஊற்றினால் இன்னும் நல்லது என்று நினைக்காதீர்கள். சுத்தமான கிளைக்கால் தண்ணீர் அளவுக்கு வெப்பத்தைச் சுமக்காது, இன்ஜின் கூடுதலாகத்தான் சூடாகும்.

போர்வெல் தண்ணீர் வேண்டவே வேண்டாம். அதிலுள்ள கால்சியம், மக்னீசிய உப்புகள் வெந்நீர்ப் பாத்திரத்தில் படிவதுபோல உள்ளேயும் படியும். பாஸ்பேட் கூலன்ட்டோடு சேர்ந்தால் படிவு இன்னும் அதிகம். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் அல்லது உப்பு நீக்கிய தண்ணீர்தான் சரி. வழியில் அவசரத்துக்குக் குடிநீர் ஊற்றி வீடு வந்து சேர்ந்தால் தவறில்லை. ஆனால் அந்த வாரத்திலேயே ஏன் குறைந்தது என்று பார்த்து, கூலன்ட்டைச் சரிசெய்துவிடுங்கள்.

போடும் முன் மூன்று வேலை

முதலாவது, கசிவு. ஒழுகும் வண்டிக்கு லாங் லைஃப் ஊற்றினால் 5 ஆண்டு வராது, மாதாமாதம் தரையில்தான் போகும். ஹோஸ் பைப், கிளாம்ப், வாட்டர் பம்ப், ரேடியேட்டர் மூடி எல்லாவற்றையும் முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது, ஃபிளஷ். பல வருடம் வெறும் தண்ணீரில் ஓடிய காரில் துருச்சேறு நிறைய இருக்கும். கழுவாமல் புது கூலன்ட் ஊற்றினால் அதன் ரசாயனம் பழைய துருவோடு போராடியே தீர்ந்துவிடும். சேறு போனதும் அது அடைத்துக்கொண்டிருந்த சிறு ஓட்டைகள் வெளியே தெரியலாம். அதற்கும் மனதளவில் தயாராக இருங்கள்.

மூன்றாவது, காற்று. நிரப்பியபின் உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றாவிட்டால், கூலன்ட் நிறைந்திருந்தும் இன்ஜின் சூடாகும். ஓரிரு நாள் ஓட்டியபின், காலையில் இன்ஜின் ஆறியிருக்கும்போது அளவை மறுபடி பாருங்கள்.

எல்லாவற்றுக்கும் மேல், சூடான இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. அழுத்தம் விலகியதும் கொதிக்கும் கூலன்ட் முகத்தில் பீய்ச்சி அடிக்கும்.

லேபிளில் என்ன தேட வேண்டும்?

முதலில் உங்கள் காரின் ஓனர்ஸ் மேனுவல். புத்தகம் தொலைந்திருந்தால் பல நிறுவனங்களின் இணையதளத்தில் பி.டி.எஃப். கிடைக்கும். வண்டி எந்த மாதம், எந்த ஆண்டு தயாரானது என்பது ஆர்.சி.யிலேயே இருக்கும். எம்-பரிவாஹன் அல்லது டிஜிலாக்கர் செயலியில் ஆர்.சி.யைத் திறந்து அந்த ஆண்டுக்குரிய மேனுவலைத் தேடுங்கள்.

கேனில் ஐ.எஸ். 5759, ஜே.ஐ.எஸ். கே 2234, ஏ.எஸ்.டி.எம். டி3306 போன்ற தர எண் இருக்கிறதா பாருங்கள். 'இந்தத் தரத்துக்கு இணங்க' என்று எழுதுவது நிறுவனத்தின் கூற்று. ஐ.எஸ்.ஐ. முத்திரையும் உரிம எண்ணும் அச்சிட்டிருந்தால் அதை பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டு நீங்களே சரிபார்க்கலாம். தயாரிப்பாளர் பெயர், முகவரி, நிகர அளவு, தயாரித்த மாதம் மற்றும் ஆண்டு, எம்.ஆர்.பி., நுகர்வோர் தொடர்பு எண் ஆகியவை பொட்டலத்தில் இருந்தே ஆக வேண்டும். இவை இல்லாத கேனை வாங்காதீர்கள்.

பில் கேட்டு வாங்குங்கள். போலிச் சரக்கு, எம்.ஆர்.பி.யைவிடக் கூடுதல் விலை, போடாத கூலன்ட்டுக்குப் பில் என்று ஏதாவது நடந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. பொருளுக்கோ சேவைக்கோ நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது.

வீட்டில் கவனம்

எத்திலீன் கிளைக்கால் விஷம். அதன் இனிப்புச் சுவைதான் ஆபத்து. குழந்தைகளும் நாய், பூனைகளும் நக்கிவிடக்கூடும். மீந்த கூலன்ட்டைக் குடிநீர் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். தரையில் சிந்தினால் உடனே துடைத்துக் கழுவுங்கள். யாராவது குடித்துவிட்டால் அறிகுறி வரட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள், கேனையும் மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். வடித்த பழைய கூலன்ட்டைச் சாக்கடையிலோ தோட்டத்திலோ கொட்டாமல், கழிவை முறையாக அகற்றும் ஒர்க்‌ஷாப்பில் ஒப்படையுங்கள்.

போனில் ஒரு நிமிட வேலை

கூலன்ட் மாற்றும் அன்றே கேனின் லேபிள், ஓடோமீட்டர், பில் மூன்றையும் போட்டோ எடுத்து ஒரே ஃபோல்டரில் வையுங்கள். மாற்ற வேண்டிய தேதியை காலண்டரில் போட்டு, மாதம் ஒருமுறை அளவு பார்க்கவும் நினைவூட்டல் வையுங்கள். அளவு மின், மேக்ஸ் கோடுகளுக்கு நடுவே இருக்க வேண்டும். நிறம் பழுப்பாகவோ மேலே எண்ணெய் மிதப்பதாகவோ தெரிந்தால் தேதி வரும்வரை காத்திருக்காமல் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

ஓட்டும்போது வெப்பமானி முள் ஏறினால் ஏ.சி.யை அணைத்து, ஓரமாக நிறுத்தி, இன்ஜினை ஆஃப் செய்யுங்கள். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033-ல் உதவி கேட்கலாம். 'இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தானே' என்று மட்டும் ஓட்டாதீர்கள். பெரும்பாலான இன்ஜின்கள் அந்த ரெண்டு கிலோமீட்டரில்தான் போகின்றன.