மூத்தவாப்பாவின் பத்தியம் பிள்ளைக்கு வேண்டாம்

என்னிடம் ஓதிய மாணவன் ஒருவனுக்கு ஒன்பது வயது. பார்த்தால் ஆறு வயதென்றுதான் சொல்வீர்கள். பிறவியிலேயே சிறுநீர்ப் பாதையில் இருந்த கோளாறு, இரு சிறுநீரகங்களையும் மெல்ல மெல்லப் பழுதாக்கியிருந்தது. அவனுடைய சாப்பாட்டுப் பெட்டியில் தினமும் உப்பில்லாச் சோறும் புடலங்காயும்தான்.

அவன் உம்மாவிடம் விசாரித்தேன். "மூத்தவாப்பாவுக்கு டொக்டர் சொன்ன பத்தியம்தான் மௌலவி, இவனுக்கும். மீன், முட்டை ஒன்றும் கொடுப்பதில்லை" என்றார்.

மூத்தவாப்பா அநுராதபுர மாவட்டத்து விவசாயி. 1990களில் வடமத்திய மாகாணத்தில் கண்டறியப்பட்ட, காரணம் இன்றும் திட்டமாகத் தெரியாத சிறுநீரக நோய் அவருக்கு.

பெற்றோரே, தவறு இங்கேதான் நடக்கிறது. வளர்ந்து முடிந்தவருக்குப் புரதத்தைக் குறைப்பதுண்டு. வளரும் பிள்ளைக்கு அப்படியல்ல. அதே வயதுடைய சுகதேகியான பிள்ளைக்கு வேண்டிய சக்தியும் புரதமும் இவனுக்கும் வேண்டும். உணவு போதாவிட்டால் உடம்பு தன் தசையையே கரைத்து எரிக்கும். இரத்தத்தில் யூரியாவும் கூடும், உயரமும் நின்றுவிடும். முதல் இரண்டு வயதுக்குள் இந்த இழப்பு மிகப் பெரியது. இந்நோயில் பசி மந்தமாகும், வாந்தி வரும். வாயால் போதியளவு உண்ண முடியாத குழந்தைக்கு மூக்கு வழியே குழாய் வைத்து ஊட்டச் சொல்வார்கள். ஊரார் பார்ப்பார்களே என்று மறுத்துவிடாதீர்கள்.

உப்பு விடயத்திலும் ஒரே சட்டம் கிடையாது. வீக்கமோ உயர் இரத்த அழுத்தமோ உள்ள பிள்ளைக்கு உப்பைக் குறைக்கத்தான் வேண்டும். கருவாடு, அப்பளம், சூப் கட்டி எல்லாம் தூரமாகட்டும். ஆனால் பிறவிக் கோளாறுள்ள சில பிள்ளைகளுக்கு அதிகம் சிறுநீர் போகும். அதோடு உப்பும் போகும். அவர்களுக்கு உப்பையும் தண்ணீரையும் மறுத்தால் வளர்ச்சி குன்றும். உங்கள் பிள்ளை எந்த வகை என்பதைப் பரிசோதனைகளைப் பார்த்து டொக்டர்தான் சொல்ல வேண்டும்.

பொட்டாசியம் இரத்தத்தில் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும். அப்படி ஏறியிருந்தால் செவ்விளநீர், வாழைப்பழம், பேரீச்சம்பழம் ஆகியவற்றை விலக்கச் சொல்வார்கள். உருளைக்கிழங்கைச் சிறிதாக வெட்டி, நிறையத் தண்ணீரில் அவித்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். அளவு சரியாக இருக்கும்போது வீணாகப் பழங்களைத் தடுக்காதீர்கள். சோடியம் குறைந்தது என்று விற்கும் உப்புகள் பலவற்றில் பொட்டாசியம்தான் இருக்கிறது. கேட்காமல் வாங்க வேண்டாம். காமரங்காய் எனும் நட்சத்திரப் பழத்தைத் தொடவே வேண்டாம். பழுதான சிறுநீரகமுள்ளவருக்கு அது மூளையைத் தாக்கும் நஞ்சு.

பொஸ்பரஸ் கூடினால் எலும்பு பலவீனமாகும். பாலிலும் பருப்பிலும் அது உண்டுதான். ஆனால் கோலா பானம், சொசேஜஸ், பதப்படுத்திய சீஸ் போன்றவற்றில் சேர்க்கப்படும் பொஸ்பேட் அநேகமாக முழுவதும் உடம்பில் சேர்ந்துவிடும். அதைக் கட்டுப்படுத்தத் தரும் கல்சியம் குளிசையைச் சாப்பாட்டோடு கொடுக்க வேண்டும். வெறும் வயிற்றில் கொடுத்தால் அந்த வேலையைச் செய்யாது.

பருவமடையாத பிள்ளைக்கு நோன்பு கடமையில்லை. நோயாளிக்கோ மார்க்கமே சலுகை தந்திருக்கிறது. "ஆசைக்கு ஒரு நோன்பு" என்று இவர்களைப் பட்டினி போடாதீர்கள்.

அந்த உம்மா பின்னர் கிளினிக்கில் போஷாக்கு நிபுணரைச் சந்தித்தார். அடுத்த தவணையில் பையனின் பெட்டியில் கொஞ்சம் மீனும் அவித்த முட்டையின் வெள்ளைக்கருவும் இருந்தன. மஞ்சள் கருவில் பொஸ்பரஸ் அதிகமாம்.

"மஞ்சளை யார் சாப்பிட்டது?" என்று கேட்டேன்.

"தங்கச்சி" என்றான், வாய் நிறைய.