‘டிரபிள் இன் பாரடைஸ்’ (1932) திரைப்படத்தின் இறுதிக்காட்சி: களவும் காதலும்

முன்னுரை

எர்ன்ஸ்ட் லூபிட்ஷ் இயக்கத்தில் பாரமவுண்ட் நிறுவனம் 1932ஆம் ஆண்டு வெளியிட்ட ‘டிரபிள் இன் பாரடைஸ்’, திருடர் இருவரின் காதலை நகைச்சுவையாகக் கூறும் அமெரிக்கத் திரைப்படமாகும். ஹங்கேரிய நாடகம் ஒன்றைத் தழுவிய இதன் திரைக்கதையைச் சாம்சன் ரபேல்சன் எழுதினார். வாடகைக்காரினுள் நிகழும் இதன் இறுதிக்காட்சி, பேச்சு ஏறத்தாழ இன்றியே முடிகிறது. அக்காட்சிக்கும் படத்தின் தொடக்கத்திற்கும் உள்ள தொடர்பையும், பின்னாளில் அது எதிர்கொண்ட தடையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

இரு காட்சிகள்

தொடக்கத்தில், வெனிஸ் நகர விடுதி ஒன்றில் காஸ்டனும் (ஹெர்பர்ட் மார்ஷல்) லில்லியும் (மிரியம் ஹாப்கின்ஸ்) தம்மைப் பிரபுக் குலத்தவராகக் காட்டிக்கொண்டு உணவருந்துகின்றனர். அவனது பணப்பையை அவள் திருடியிருக்கிறாள். அவளது ஆடை ஊசியை அவன் எடுத்திருக்கிறான். அடுத்துக் கடிகாரம், அதன்பின் காலுறைப் பட்டி. ஒருவர் தொழிலை மற்றவர் அறிந்துகொண்ட அந்நொடியில் காதல் பிறக்கிறது.

பாரிசில் நறுமணப் பொருள் நிறுவன உரிமையாளர் மரியெட்டிடம் (கே பிரான்சிஸ்) செயலராகச் சேரும் காஸ்டன், அவளிடம் மனத்தைப் பறிகொடுக்கிறான். ஆயினும் இறுதியில் அவளைப் பிரிகிறான். அவள் முத்துமாலையை எடுத்ததை அவளிடமே காட்டிவிட்டு, லில்லிக்கெனக் கொண்டுசெல்கிறான். வாடகைக்காரில் மாலையைத் தேடுகிறான், காணவில்லை. லில்லி அதை மகிழ்வோடு எடுத்துக் காட்டுகிறாள். அதை வைக்க முனையும்போது அவளிடமிருந்த பணப்பையைக் காணவில்லை. காஸ்டன் அதை அவள் மடியில் போடுகிறான். மன்னிப்பு இல்லை, வாக்குறுதி இல்லை. வெனிஸ் விளையாட்டு மீண்டும் நிகழ்வதே ஊடல் தீர்ந்தமைக்குச் சான்றாகிறது.

தமிழ் அகமரபின் ‘களவு’ இங்கு நினைவுக்கு வரலாம். ஆனால் அது பிறர் அறியாக் காதலொழுக்கம். இங்கோ களவு வெளிப்படும்போதே காதல் உறுதிப்படுகிறது. ஒப்புமை சொல்லளவில் நிற்பதே தகும்.

தண்டனை இன்மை

இம்முடிவு வெறும் குறும்பன்று. மரியெட்டின் நிறுவனத்தை நிருவகிக்கும் ஜிரோன் பல ஆண்டுகளாகப் பெருந்தொகையைக் கையாடியவர். அதைக் காஸ்டன் வெளிப்படுத்தியபோதும், சமூக மதிப்புடைய அவரைக் காவலரிடம் ஒப்படைக்க மரியெட் தயங்குகிறாள். கீழிருந்து உயர்ந்த திருடனுக்கு மட்டும் சிறையா என்று காஸ்டன் கசப்போடு கேட்கிறான். இக்கேள்வியை எழுப்பிய பின்னரே படம் அவ்விருவரையும் தப்பவிடுகிறது.

குற்றத்தின்மீது பரிவு ஏற்படலாகாது என்ற ஹாலிவுட் தயாரிப்பு நெறிமுறை 1930இல் ஏற்கப்பட்டு, 1934 முதல் கண்டிப்புடன் நடைமுறைக்கு வந்தது. 1935இல் இப்படத்தின் மறுவெளியீட்டிற்கு அனுமதி மறுக்கப்பட்டது. 1968 வரை இது பொதுத்திரைக்கு மீளவில்லை. வெட்டித் திருத்தவும் வழி குறைவு: இறுதிக்காட்சியில் நீக்கத்தக்க சொல்லொன்றும் இல்லை, திருட்டை அகற்றினால் காதலும் உடன் போய்விடும்.